ஏஞ்சல்ஸ் ஜிஎம் பெர்ரி மினாசியன்: அஞ்சு சீசன் வேலைக்கு 5-க்கு 2 ஸ்டார்

ஸ்டார் எத்தனைன்னு முதல்லயே சொல்லிடுறேன், 5-க்கு 2. லாஸ் ஏஞ்சல்ஸ் ஏஞ்சல்ஸ் பேஸ்பால் டீமோட ஜெனரல் மேனேஜர் (ஜிஎம், டீமுக்கு ஆள் சேக்குறவரு) பெர்ரி மினாசியன் 2021-ல இருந்து 2025 வரைக்கும் செஞ்ச வேலைக்கு மட்டும் தான் இந்த ஸ்டார். ஓனருக்கு தனி, பிளேயருக்கு தனி. தோத்த டீம்ல ஜிஎம்ம திட்டுறது சுலபம், எல்லாம் ஓனர் பண்ணின வேலன்னு சொல்லி ஜிஎம்ம காப்பாத்துறது அதவிட சுலபம், ரெண்டுமே சரியில்ல. அவரு கையில என்ன இருந்துச்சு, அத வச்சு என்ன செஞ்சாரு, அத மட்டும் எடுத்து பாக்கணும்.

நம்ம குமரி மாவட்டத்துல பேஸ்பால் பாக்கறவங்க கம்மி. கடற்கரை ஊருல ஃபுட்பால்னா உசுரு, மத்த எடத்துல கிரிக்கெட். எனக்கு இது அக்கா வழியா வந்தது, அக்கா கலிஃபோர்னியால நர்ஸு, வீடு அனாஹைம் பக்கம், அத்தானுக்கு ஏஞ்சல்ஸ்னா அப்படி ஒரு பிரியம், அவரு சொல்லி சொல்லி நானும் பாக்க ஆரம்பிச்சு இப்ப அவர விட எனக்கு தான் வெறி ஜாஸ்தி. அங்க சாயங்காலம் 6.38-க்கு ஆட்டம் தொடங்கினா இங்க காலைல 7.08, கட்டன் சாயா குடிச்சுக்கிட்டே மூணு இன்னிங்ஸ் பாத்துட்டு வேலைக்கு கிளம்பலாம். வருஷா வருஷம் காசு கட்டி பாக்கேன், அதனால இந்த ரிவ்யூ எழுத எனக்கு உரிமை இருக்கு.

ஐபிஎல் மட்டும் பாக்கறவங்களுக்காக கொஞ்சம் சொல்லுதேன். நம்ம சிஎஸ்கே 2025-ல கடைசி எடத்துக்கு போனப்ப எல்லாரும் ஏலத்த பத்தி தான் பேசினாங்கல்லா, யார எடுத்தாங்க யார விட்டாங்கன்னு. பேஸ்பால்ல அந்த சோலி எல்லாம் ஜிஎம் தலையில. ஆனா அங்க ஏலம் கிடையாது. டிராஃப்ட்னு ஒண்ணு இருக்கு, காலேஜ் பசங்க, ஹைஸ்கூல் பசங்க இவங்கள டீமுங்க வரிசையா எடுக்கும், மோசமா ஆடின டீமுக்கு பெரும்பாலும் முன்னாடி சான்ஸ் வரும். டிரேட் இருக்கு, ஆளுக்கு ஆள் மாத்திக்கறது. ஃப்ரீ ஏஜென்ட் இருக்கு, பெரிய லீக்ல 6 வருஷ சர்வீஸ் முடிச்சவன் ஒப்பந்தம் முடிஞ்சா யார் அதிகம் தராங்களோ அங்க போலாம். டிராஃப்ட்ல எடுத்த பையன் நேரா பெரிய டீமுக்கு வரமாட்டான், மைனர் லீக்ல ரூக்கி, சிங்கிள் ஏ, ஹை ஏ, டபுள் ஏ, டிரிபிள் ஏன்னு படிப்படியா ஏறி வரணும். அந்த படியில எத்தன நல்ல பசங்க நிக்காங்கங்கறத வச்சு தான் நான் ஒரு ஜிஎம்முக்கு மார்க் போடுவேன், ஏன்னா அங்க ஓனரோட கை அவ்வளவா வராது.

இப்ப ரிசல்ட். ஜெயிச்சது தோத்தது இந்த வரிசையில: 2021-ல 77-85, 2022-ல 73-89, 2023-ல மறுபடியும் அதே 73-89, 2024-ல 63-99, 2025-ல 72-90. அந்த 99 தோல்வி 1961-ல டீம் ஆரம்பிச்சதுல இருந்து இதுவரைக்கும் இல்லாத மோசம். ப்ளேஆஃப் கடைசியா போனது 2014-ல, அதுவும் கன்சாஸ் சிட்டி டீம் கிட்ட மூணுக்கு மூணும் தோத்து வந்தாங்க. தோல்விய விட வெற்றி அதிகமா இருந்த கடைசி சீசன் 2015. அதுல இருந்து தொடர்ந்து 10 சீசன் தோல்வி கணக்கு, பாதி மினாசியன் வரதுக்கு முன்னாடி, பாதி அவரு வந்த பிறகு.

2020 நவம்பர்ல அவரு பொறுப்பு எடுத்தப்ப வீட்டுல என்ன இருந்துச்சுன்னு பாக்காம பேசுனா நியாயம் இல்ல. ஆல்பர்ட் புஹோல்ஸ், 10 வருஷம் 240 மில்லியன் டாலர் ஒப்பந்தத்தோட கடைசி வருஷம். அந்தோணி ரெண்டோன், 7 வருஷம் 245 மில்லியன், 2019 டிசம்பர்ல போட்டது, அப்ப ஜிஎம் வேற ஆளு. அந்த ரெண்டோன் ஏஞ்சல்ஸுக்காக எந்த சீசன்லயும் 58 ஆட்டத்துக்கு மேல ஆடல, ஒரு சீசனுக்கு 162 ஆட்டம்னு ஞாபகம் வச்சுக்கோங்க, 2025-ல இடுப்பு ஆபரேஷன்னு ஒரு ஆட்டம் கூட இல்ல. மைக் டிரவுட், 12 வருஷம் 426.5 மில்லியன், அவரு அருமையான பிளேயர், ஆனா உடம்பு ஒத்துழைக்கல, 2024-ல 29 ஆட்டத்தோட முடிஞ்சது. இந்த மூணு சம்பளத்தையும் மினாசியன் கணக்குல எழுதவே கூடாது. 2021 மே மாசமே புஹோல்ஸ வெளிய அனுப்புனாரு, அவ்வளவு பெரிய பேரு உள்ள ஆள வந்த ஆறு மாசத்துல அனுப்பதுக்கு தைரியம் வேணும், அத ஒத்துக்கறேன். அப்புறம் ஷோஹெய் ஓட்டானி. அவர பத்தி பின்னாடி வரேன், ஏன்னா கதையே அங்க தான் கிடக்கு.

2021 டிராஃப்ட்ல ஏஞ்சல்ஸ் 20 பேர எடுத்தாங்க, 20 பேரும் பிட்சர், அதாவது பந்து போடுறவங்க. ஒருத்தன் கூட பேட்டர் இல்ல. எந்த டீமும் அப்படி செஞ்சு நான் கேள்விப்படல. பல வருஷமா பிட்சிங் இல்லாம தவிச்ச டீம், அதனால இந்த முடிவு எனக்கு அப்ப பிடிச்சிருந்தது, ஒரு திட்டம் இருக்குன்னு தெரிஞ்சுதுல்லா. ஆனா ரிசல்ட்ட பாருங்க. முதல் ஆளு சாம் பாக்மன், ஒம்பதாவது பிக் (எல்லா டீமும் எடுத்த வரிசையில ஒம்பதாவது), காயம் காயமா வந்து 2025-ல புல்பென்ல தான் இருந்தாரு, அதாவது ஆட்டத்துக்கு நடுவுல வந்து பந்து போடுற ரிலீவர்ங்க கூட்டத்துல. ரெண்டாவது ஆளு கை புஷ்ஷ டிரேட்ல குடுத்தாச்சு. சேஸ் சில்சேத் சீக்கிரமே மேல வந்தாரு, நிலைக்கல. 20 பேர எடுத்தும் 2025 முடியுற வரைக்கும் ஒருத்தன் கூட ஸ்டார்ட்டிங் ரொட்டேஷன்ல (ஆட்டத்த தொடங்கி வைக்கற பிட்சர் வரிசையில) அசையாம நிக்கல. இது ஓனர் எடுத்த முடிவு கிடையாது.

2022 தொடக்கம் கொள்ளாம். 27-17-னு போயிட்டு இருந்தாங்க, அத்தான் அக்டோபர்ல ஸ்டேடியம் டிக்கெட் பத்தியெல்லாம் பேச ஆரம்பிச்சிட்டாரு. அப்புறம் தொடர்ந்து 14 தோல்வி. அதுல 12 முடிஞ்சப்பவே மேனேஜர் (ஜிஎம் வேற, இவரு நம்ம கோச் மாதிரி) ஜோ மேடன அனுப்பிட்டாங்க. அதுக்கு பிறகு ஃபில் நெவின், ரான் வாஷிங்டன், வாஷிங்டனுக்கு உடம்பு முடியாம போனப்ப ரே மான்ட்கோமரி, இப்ப 2026-க்கு கர்ட் சுசுகி. ஒரே ஜிஎம் கீழ அஞ்சாவது ஆளு. அத பத்தி பெருசா சொல்ல எனக்கு ஒண்ணும் இல்ல, பேஸ்பால்ல மேனேஜர் மாத்தி டீம் மாறாது.

2022 ஆகஸ்ட் 2 தான் முக்கியமான நாள். டிரேட் கடைசி தேதி. அன்னைக்கு வாஷிங்டன் நேஷனல்ஸ் டீம் அவங்களோட பெரிய ஸ்டார் ஹுவான் சோட்டோவ சான் டியாகோவுக்கு குடுத்துட்டு பசங்களா வாங்கினாங்க. அப்ப எல்லாரும் அவங்கள திட்டினாங்க. அப்படி வாங்கின சிஜே ஏப்ரம்ஸ், மெக்கன்சி கோர், ஜேம்ஸ் வுட் மூணு பேரும் 2025-க்குள்ள ஆல் ஸ்டார் (லீக்கோட சிறந்த ஆளுங்க ஆடுற ஆட்டத்துக்கு தேர்வு) ஆயிட்டாங்க. அதே நாள் ஓட்டானி ஏஞ்சல்ஸ் கையில, ஒப்பந்தம் இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல பாக்கி, பந்தும் போடுவாரு பேட்டும் பிடிப்பாரு, உலகத்துலயே அப்படி ஒரு ஆளு இல்ல. அவருக்கு என்ன கிடைச்சிருக்கும்னு யோசிச்சு பாருங்க. ஓனர் ஆர்ட் மொரேனோ சம்மதிக்கலன்னு தான் அப்ப செய்தி வந்துச்சு. சரி, இத ஓனர் கணக்குல போடுறேன். அன்னைக்கு மினாசியன் செஞ்ச சின்ன டிரேட் ஒண்ணு நல்லாவே இருந்துச்சு, பிராண்டன் மார்ஷ குடுத்துட்டு லோகன் ஓஹாப்பிங்கற கேட்சர (நம்ம விக்கெட் கீப்பர் மாதிரி) வாங்கினாரு, 2025-லயும் அவரு தான் மெயின் கேட்சர்.

2023 ஜூலைக்கு வாங்க. எனக்கு இன்னைக்கும் வயிறு எரியுறது இது தான். ஓட்டானிக்கு ஒப்பந்தம் முடிய ரெண்டு மாசம் தான் இருக்கு, டீம் பாதி வெற்றிக்கு மேல கொஞ்சம் தான் நிக்கு, டிரவுட் கை எலும்பு உடைஞ்சு வெளிய. அந்த நேரத்துல ஓட்டானிய விக்க மாட்டோம்னு முடிவு எடுத்தாங்க. மறுநாள் ஜூலை 27, டெட்ராய்ட் கூட ஒரே நாள்ல ரெண்டு ஆட்டம், முதல் ஆட்டத்துல ஓட்டானி ஒம்பது இன்னிங்ஸும் தனியா பந்து போட்டு ஒரே ஒரு ஹிட் குடுத்து ஷட் அவுட் (எதிர் டீமுக்கு ஒரு ரன் கூட இல்ல), அடுத்த ஆட்டத்துல ரெண்டு ஹோம் ரன் (நம்ம சிக்ஸ் மாதிரி). அந்த நாள பாத்தவனுக்கு சாகுற வரைக்கும் போதும், அவ்வளவு சந்தோஷம், அத்தான் போன் போட்டு பேசவே முடியாம சும்மா சிரிச்சுக்கிட்டே இருந்தாரு.

விக்கலன்னா சரி, வச்சுக்கிட்டு கடைசியா ஒரு தடவ மோதி பாக்கறதும் ஒரு வழி தான். ஆனா மோதுறதுக்கு என்ன விலை குடுத்தாருன்னு பாருங்க. சிகாகோ வைட் சாக்ஸ்ல இருந்து லூகாஸ் ஜியோலிட்டோ, ரெய்னால்டோ லோபஸ் ரெண்டு பிட்சரையும் வாங்கதுக்கு எட்கர் குவெரோங்கற இளம் கேட்சரையும் மேல சொன்ன கை புஷ்ஷையும் குடுத்தாரு. ரெண்டு பிட்சருக்கும் ஒப்பந்தம் சீசனோட முடியுது, அதாவது ரெண்டு மாசத்துக்கு வாடகைக்கு எடுத்த மாதிரி. குவெரோ அந்த நேரத்துல ஏஞ்சல்ஸ் மைனர்ல முன்வரிசையில நின்ன பையன், 2025-ல சிகாகோல பெரிய லீக் ஆட வந்துட்டாரு. ஜியோலிட்டோ ஏஞ்சல்ஸுக்கு 6 ஆட்டம் போட்டாரு, 1 வெற்றி 5 தோல்வி, ஈஆர்ஏ (ஒம்பது இன்னிங்ஸுக்கு சராசரியா குடுக்கற ரன், கம்மியா இருந்தா தான் நல்லது) 6.89. ஆகஸ்ட்ல டீம் அப்படியே சரிஞ்சது. ஆகஸ்ட் 23-ல ஓட்டானியோட முழங்கை தசைநார் கிழிஞ்சது. ஆகஸ்ட் 29-ல ஜியோலிட்டோ, லோபஸ், மாட் மூர், டொமினிக் லியோன், ஹண்டர் ரென்ஃப்ரோ, ராண்டல் கிரிச்சக் எல்லாரையும் வேய்வர்ல போட்டுட்டாங்க, யாருக்கு வேணுமோ எடுத்துக்கோங்கன்னு. ஜியோலிட்டோ, லோபஸ், மூர் மூணு பேரையும் கிளீவ்லாண்ட் சும்மா தூக்கிட்டு போச்சு. ஒரு மாசத்துக்கு முன்னாடி பசங்கள குடுத்து வாங்கின ஆள ஒரு மாசம் கழிச்சு ஓசில குடுத்தாச்சு.

ஏன் அப்படி செஞ்சாங்கன்னா சம்பள வரி. 2023-ல மொத்த சம்பளம் 233 மில்லியன் தாண்டினா டீம் வரி கட்டணும், அது போக ஓட்டானி போனா ஈடா கிடைக்கிற டிராஃப்ட் பிக்கும் பின்னாடி தள்ளிப் போகும், கோட்டுக்கு கீழ இருந்தா ரெண்டாவது ரவுண்ட் முடிஞ்ச உடனே, மேல போனா நாலாவது ரவுண்டுக்கு பிறகு. மயிரிழையில கீழ வந்தாங்க. டிசம்பர்ல ஓட்டானி 10 வருஷம் 700 மில்லியன் ஒப்பந்தத்துல டாட்ஜர்ஸுக்கு போயிட்டாரு. அனாஹைம்ல இருந்து ஒரு மணி நேரத்துல போயிடலாம் டாட்ஜர்ஸ் ஸ்டேடியத்துக்கு. 2024-லயும் 2025-லயும் அவங்க தான் வேர்ல்ட் சீரிஸ் (லீக்கோட ஃபைனல்) ஜெயிச்சாங்க. ஏஞ்சல்ஸுக்கு ஓட்டானிக்கு ஈடா கிடைச்சது அந்த ஒரு பிக், 2024 டிராஃப்ட்ல 74-வது எடம். அதுல எடுத்தது ரயன் ஜான்சன்னு ஒரு பிட்சர்.

அந்த பையன என்ன செஞ்சாங்கன்னு கேளுங்க. மைனர் லீக்ல ஒரு பந்து கூட போடாம, ஒரு பந்து கூட, 2025 மார்ச்ல நேரா பெரிய லீக் ஓப்பனிங் டே டீம்ல போட்டாங்க. அடி வாங்கினான். அப்புறம் ஹை ஏ-க்கு அனுப்பிட்டாங்க, ஆரம்பத்துலயே அனுப்பியிருக்க வேண்டிய எடத்துக்கு. ஓட்டானி மாதிரி ஒரு ஆளு போனதுக்கு பதிலா கிடைச்ச ஒத்த பையன், அவன பொத்தி பொத்தி வளக்க வேண்டாமா.

மினாசியன் மேல எனக்கு உள்ள பெரிய கோவம் இந்த அவசரம் தான். நோலன் ஷானுவெல் 2023 ஜூலைல டிராஃப்ட் ஆனாரு, 40 நாள்ல பெரிய லீக்ல நிக்காரு. பென் ஜாய்ஸ் 2022 டிராஃப்ட், 2023 மே மாசம் மேல, 2024 செப்டம்பர்ல மணிக்கு 105.5 மைல் வேகத்துல பந்து போட்டு உலகமே பேசுச்சு, 2025-ல தோள்பட்டை ஆபரேஷன். கிறிஸ்டியன் மூர் 2024 டிராஃப்ட், 2025 ஜூன்ல மேல. குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டம் வச்சிருக்கவங்களுக்கு நான் இத விளக்கவே வேண்டாம். தை நட்டு ஏழு வருஷம் ஆகணும், மரம் 50 சென்டிமீட்டர் சுத்தளவு வரணும், அதுக்கு அப்புறம் தான் கத்தி வைக்கணும். கடன் நெருக்குது, விலை ஏறிக் கிடக்குன்னு அஞ்சாம் வருஷமே வெட்ட ஆரம்பிச்சா முதல்ல கொஞ்சம் பால் வரும், மரம் தடிக்காது, பிறகு இருவது வருஷம் குடுக்க வேண்டிய பால் அதுல இருக்காது. ஏஞ்சல்ஸ் செய்றது அத தான். எல்லா பையனும் கெட்டுப் போவான்னு சொல்லல, ஷானுவெல் ஓரளவு தாக்குப்பிடிச்சு நிக்காரு, ஆனா அவரு இன்னும் என்னவா ஆகியிருப்பாருங்கறது நமக்கு கிடைக்காமலே போச்சு.

இதுல ஒரே ஒரு பெரிய வெற்றி ஜாக் நெட்டோ. 2022-ல 13-வது பிக், 2023 ஏப்ரல்லயே மேல வந்தாரு, 2024-ல 23 ஹோம் ரன் 30 ஸ்டீல் (பந்து போடுறப்பவே ஓடி அடுத்த பேஸ பிடிக்கறது), 2025-ல 26 ஹோம் ரன் 26 ஸ்டீல், ஷார்ட்ஸ்டாப் எடத்துல (ரெண்டாவது, மூணாவது பேஸுக்கு நடுவுல நிக்கற ஃபீல்டர்) இப்படி ஒருத்தன் கிடைக்கறது பாக்கியம். நான் குடுத்த ரெண்டு ஸ்டார்ல ஒண்ணு முழுசா நெட்டோவுக்கு. ஆனா நெட்டோ ஜெயிச்சதால தான் மத்த எல்லாரையும் அதே வேகத்துல ஏத்தலாம்னு நினைச்சிட்டாங்களோன்னு எனக்கு ஒரு சந்தேகம்.

இன்னொரு ஸ்டார் சில டிரேடுகளுக்கும் ஒண்ணு ரெண்டு ஒப்பந்தத்துக்கும். 2024 ஜூலைல கார்லோஸ் எஸ்டெவஸ ஃபிலடெல்ஃபியாவுக்கு குடுத்து ஜார்ஜ் கிளாசன், சாமுவேல் ஆல்டெகேரி ரெண்டு இளம் பிட்சர வாங்கினாரு, சீசனோட ஒப்பந்தம் முடியுற ரிலீவருக்கு அது நல்ல விலை. யூசே கிகூச்சி, 3 வருஷம் 63 மில்லியன், முதல் வருஷமே ஆல் ஸ்டார். 2025 நவம்பர்ல டெய்லர் வார்ட பால்டிமோருக்கு குடுத்து கிரேசன் ராட்ரிகஸ வாங்கினது தான் எனக்கு ரொம்ப பிடிச்சது. வார்ட் 36 ஹோம் ரன் அடிச்ச சீசன், ஒரு வருஷம் தான் பாக்கி, ராட்ரிகஸ் காயத்தால 2025 முழுக்க ஆடல, ரிஸ்க் இருக்கு, ஆனா வயசு இருக்கு, பல வருஷம் கையில இருப்பாரு. இந்த மாதிரி யோசன 2022-லயே வந்திருந்தா!

அத்தான் கிட்ட இத சொன்னா ஒத்துக்க மாட்டாரு. போன வாரம் கூட போன்ல ஒரே சண்டை. "லே மக்கா, முதலாளி கைய கட்டிப் போட்டா அந்த மனுசன் என்ன செய்வான்? மொரேனோ 2003-ல டீம வாங்கினாரு, அதுல இருந்து 2019 வரைக்கும் வருஷா வருஷம் 30 லட்சம் பேருக்கு மேல ஸ்டேடியத்துக்கு வந்தாங்க, கூட்டம் வருது, காசு வருது, பின்ன அவருக்கு என்ன அவசரம்? 2022 ஆகஸ்ட்ல விக்கப் போறேன்னாரு, 2023 ஜனவரில விக்கலன்னாரு, அந்த குழப்பத்துல ஜிஎம்மால என்ன திட்டம் போட முடியும்"னு கேட்டாரு. நியாயமான கேள்வி தான். நான் சொன்னேன், "அத்தான், ஓட்டானிய விக்காதது ஓனர், ரெண்டோன் ஓனர், அத விட்டுட்டேன். ஜியோலிட்டோவுக்கு குவெரோவ குடுங்கன்னு ஓனரா சொன்னாரு? ரயன் ஜான்சன மைனர் ஆடாம மேல ஏத்துங்கன்னு ஓனரா சொன்னாரு? 2025 ஜூலைல டீம் தோத்துட்டு நிக்கறப்ப வார்ட, ரிலீவர் கென்லி ஜான்சென்ன எல்லாம் வித்து பசங்கள சேக்காம வாஷிங்டன் நேஷனல்ஸ் டீம்ல இருந்து வயசான ரிலீவர் ரெண்டு பேர வாங்கினது யாரு?" அதுக்கு அவரு, "செரி, அது அவரு தான்"னு சொன்னாரு, ஆனாலும் 3 ஸ்டார் குடுன்னு விடல.

மிச்ச விஷயம் சீக்கிரம் சொல்லிடுறேன். நடுத்தர ஃப்ரீ ஏஜென்ட் வாங்குறதுல மினாசியன் சுமார். நோவா சின்டர்கார்டுக்கு ஒரு வருஷம் 21 மில்லியன், போதாததுக்கு டிராஃப்ட் பிக்கும் போச்சு, பாதி சீசன்ல டிரேட். டைலர் ஆண்டர்சன் 3 வருஷம் 39 மில்லியன், ஒரு வருஷம் நல்லா, ரெண்டு வருஷம் இல்ல. ரைசல் இக்லேசியஸுக்கு 4 வருஷ ஒப்பந்தம் போட்டு முதல் வருஷமே அட்லாண்டாவுக்கு குடுத்தாரு, இன்னைக்கு வரைக்கும் எனக்கு அது புரியல, அவரு அங்க போய் அருமையா போட்டாரு. ஒவ்வொரு குளிர்காலமும் நாலஞ்சு ஆள அங்கங்க ஒட்டுப்போட்டு 80 வெற்றி வருமான்னு பாக்கறது, வராம போறது, திரும்ப அதே. முழுசா இடிச்சு கட்டவும் இல்ல, முழுசா செலவு பண்ணவும் இல்ல.

புதுசா பாக்க ஆரம்பிக்கணும்னு நினைக்கறவங்களுக்கு, ஏஞ்சல்ஸ் பாருங்க, நெட்டோ இருக்காரு, டிரவுட் 2025 செப்டம்பர்ல 400-வது ஹோம் ரன் அடிச்சாரு, அந்த மனுசன் பேட் பிடிக்கறத பாக்கதுக்கே காலைல எந்திரிக்கலாம். ஜெயிக்கற டீம் வேணும்னா வேற பாருங்க.

மினாசியனுக்கு ஒப்பந்தம் 2026 வரைக்கும் இருக்கு, 2024-ல 99 தோல்விக்கு நடுவுல தான் அத நீட்டினாங்க. 2025 டிராஃப்ட்ல ரெண்டாவது பிக்ல டைலர் பிரெம்னர்னு ஒரு காலேஜ் பிட்சர எடுத்திருக்காரு. ரெண்டாவது பிக் எல்லாம் லேசுல வராது. ஜிஎம்முக்கு கடைசி வருஷம், வேலைய காப்பாத்தணும்ங்கற நெருக்கடி வேற, அதனால மார்ச்ல அந்த பையனையும் தூக்கி மேல போட்டுடுவாங்களோன்னு பயமா இருக்கு. அத்தான் கிட்ட சொல்லிருக்கேன், பிரெம்னர் ஓப்பனிங் டே லிஸ்ட்ல இல்லாம டபுள் ஏ-ல நிம்மதியா பந்து போட்டுக்கிட்டு இருந்தார்னா அரை ஸ்டார் கூட்டித் தாரேன்னு.